சோதித்துப் பார்க்க ஒரு கட்டம்

பச்சையா இருக்கறத எடுங்க பெரிம்மா, இருக்கறதுலயே அதுதான் சுலபம் என்று சிந்துஜா போனில் சொன்னது ஜெயக்கொடிக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பச்சையாக எதுவுமே இல்லை, கறுப்பில் வெள்ளை எழுத்தாக ஐந்து வரிகள்தான் இருந்தன, ஐந்தும் ஆங்கிலம், பிளஸ் டூவோடு அவள் விட்டுவிட்டு வந்த ஆங்கிலத்துக்குள் அடங்காத பெயர்கள், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன், ஸோரின், ஒவ்வொன்றின் வாலிலும் ஏதோ ஓர் எண், அம்புக்குறியைக் கீழே தட்டினால் வெள்ளைப் பட்டை ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்கு இறங்கியது, மேலே தட்டினால் ஏறியது, அதற்குமேல் அது வாயைத் திறக்கவில்லை. சிந்துஜாவைக் கூப்பிடலாம் என்றால் அவள் சென்னையில் ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கிறாள், முடிந்ததும் நானே கூப்பிடறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள், தங்கை மகள்தான் என்றாலும் எத்தனை தடவைதான் ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்வது. இந்த ஐந்து சிஸ்டத்தையும் போட்டுப் பென் டிரைவைக் கூரியரில் அனுப்பிவைத்ததே பெரிது. ஹாலில் கட்டிலில் கணவர் குருநாதன் தூங்கிக்கொண்டிருந்தார், சாப்பிட்ட கையோடு படுத்தால் டீ நேரம்வரை எழுந்திருக்க மாட்டார், அவர் எழுவதற்குள் இந்தப் பெட்டிக்குள் புது சிஸ்டம் ஒன்றை ஏற்றி அதைத் தமிழில் அடிக்க வைத்துவிட வேண்டும், அவர் வந்து உட்கார்ந்து கை வைக்கும்போது எழுத்து ஒழுங்காக விழ வேண்டும், விழாவிட்டால் அவர் இன்னொரு தடவை கை வைக்க மாட்டார். ஏற்கெனவே ஒருமுறை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துவிட்ட மனிதர். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மின்ட் என்றால் புதினா. புதினா பச்சைதானே, அதைத்தான் சொல்லியிருப்பாளோ, இல்லை, அது திறந்த பிறகு பச்சையாக இருக்கும் என்று சொன்னாளோ, மற்றதில் ஏதாவது ஒன்று பச்சையாக இருந்துவிட்டால் என்ன செய்வது, பட்டையை மின்டில் நிறுத்தினாள், பிறகு ஒரு தடவை கீழே போய்விட்டு வந்தாள், புடவைக் கடையில் எடுத்ததை வைத்துவிட்டு மற்றதையும் பார்த்துவிட்டு வருகிற மாதிரி, பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, வெறும் பெயர். ஆயுசில் அவளாக எதையும் தேர்ந்தெடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளையை அப்பா ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முடிவு செய்தார், இந்த மாடி வீட்டைக் குருநாதன் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் வந்து சொன்னார், டிவி, மிக்ஸி, மூக்குக்கண்ணாடியின் சட்டம்வரை அவர்தான், அவள் சரி என்று சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது எல்லாவற்றையும் அவள் கேட்கிறாள், அவர் சரி என்று சொல்கிறார். நேற்றுகூட அவரிடம் கேட்டாள், அஞ்சு விதம் இருக்காம், எதுங்க போடட்டும் என்று. சரி என்றார். அஞ்சுல எதுன்னு கேக்குறேன். சரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துமுடித்த பிறகு அடுப்படியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள்.

அந்த ஒரு சொல்தான் மிச்சம். போன ஐப்பசியில் ஒரு காலையில் பாத்ரூம் வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இந்தா, அந்த என்றார், அந்த என்ன என்று சொல்வதற்குள் சரிந்தார். கை வந்துவிட்டது, கால் வந்துவிட்டது, கோணின வாய்கூட நிமிர்ந்துவிட்டது, தெரு முனைவரை தனியாக நடந்துபோய்த் திரும்பி வருகிறார், பேச்சு மட்டும் அங்கேயே நிலைப்படியில் நின்றுவிட்டது. உப்பு போதுமா, சரி. உப்பு அதிகமா, சரி. ஃபேனைக் கூட்டவா குறைக்கவா, சரி. அந்த சரியிலேயே ஏற்றமும் இறக்கமும் உண்டு, கோபச் சரி, தூக்கச் சரி, போதும் விடு என்கிற சரி, ஆரம்பத்தில் அவற்றைப் பிரித்தறியத் தெரியும் என்று ஜெயக்கொடி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், பிறகு ஒருநாள் நான் செத்துப்போயிடட்டுமாங்க என்று கேட்டுப்பார்த்தாள், அதற்கும் அதே குரலில், அதே நல்ல முகத்தோடு சரி என்றார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அவருக்கு ஓர் அப்பளம் கூடுதலாகப் பொரித்துப் போட்டாள். அப்படிக் கேட்டதற்கு வெட்கமாக இருந்தது.

அந்த. அந்த என்றால் எந்த. அந்தத் துண்டை எடு என்றிருக்கலாம், துண்டு கொடியில் எட்டுகிற தூரத்தில்தான் கிடந்தது. அந்த கேஸை அணைத்தாயா. அந்த மாத்திரை. அந்தப் பால்காரப் பையன் வந்தால் கார்டை எடுத்துக் கொடு என்று ஏதாவது வேலை. அல்லது அந்த வலி வருகிறது என்று சொல்ல வந்தாரோ, முதல் நாளே வந்திருந்ததோ, சொல்லாமல் இருந்தாரோ, அவள்தான் காதில் வாங்காமல் விட்டாளோ. மாவு பிசையும்போது, கொடியில் துணி உலர்த்தும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது அவள் மனம் தானாக அந்த நிலைப்படிக்குப் போய், அவர் வாயிலிருந்து அறுந்து தொங்குகிற நுனியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாக அதில் கட்டிப்பார்க்கும், வீட்டிலுள்ள சாமான் அத்தனையும் கட்டியாகிவிட்டது, எதுவும் நிற்கவில்லை. கல்யாணமான நாள் முதல் அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இந்தாதான், அவள் அவரை என்னங்க, அது ஒரு குறையாக அவளுக்குத் தோன்றியதுமில்லை, ஊரில் யார்தான் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இப்போது அந்த இந்தாகூட இல்லை. அவருக்கு அவள் யாரென்று தெரிகிறதா என்பதே சில மதியங்களில் அவளுக்குச் சந்தேகமாக இருக்கிறது. பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பார்க்கும் பார்வையை வைத்தாவது கண்டுபிடிக்கலாம், அதுவும் இல்லாமல் போயிற்று. ஊரெல்லாம் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்தவருக்குத் தன் வீட்டுக்கென்று ஒன்று அடிக்க வாய்க்கவில்லை.

என்டரைத் தட்டிவிட்டாள். யோசித்துத் தட்டவில்லை, விரல் தட்டிவிட்டது, புதினாதான், நடப்பது நடக்கட்டும். திரை முழுக்க இருண்டது, பொடி எழுத்துகள் கீழிருந்து மேலே ஓடின, நின்றன, மறுபடி ஓடின, பெட்டிக்குள் ஃபேன் இரைந்தது, போச்சு, எதையோ கெடுத்துவிட்டேன், பிளக்கைப் பிடுங்கிவிடலாமா என்று கை சுவர்வரை போனது. கடைசி பட்டன அழுத்துற வரைக்கும் ஒண்ணும் ஆகாது பெரிம்மா, இது நிறுவாம சும்மா போட்டுப் பாக்குறதுதான், பிடிக்கலன்னா பென் டிரைவ உருவிட்டா பழையபடி ஆயிரும் என்று அந்தப் பெண் படித்துப்படித்துச் சொல்லியிருக்கிறாள். நிறுவாமல் சும்மா போட்டுப் பார்ப்பது, பிடிக்காவிட்டால் பழையபடி ஆகிவிடுவது, எவ்வளவு நல்ல ஏற்பாடு, கம்ப்யூட்டருக்காவது வாய்த்திருக்கிறதே. காசும் கிடையாதாம். யாரோ எந்தெந்த ஊரிலோ உட்கார்ந்து எழுதிப் பொதுவில் வைத்துவிடுகிறார்களாம், யார் வேண்டுமானாலும் திறந்து உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாமாம், ஏன் கொடுக்கிறார்கள் என்று கேட்டதற்கு சிந்துஜாவுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சும்மா கொடுப்பதை வாங்கிக்கொள்ள ஜெயக்கொடிக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு, இருந்தாலும் முகம் தெரியாத அந்த யாரோ நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துமுடிப்பதற்குள் திரையில் வெளிச்சம் வந்தது, ஓர் ஓரத்தில் பச்சையாக ஒரு வட்டம் தெரிந்தது.

பச்சை. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள். மௌஸை நகர்த்தினால் அம்பு நகர்ந்தது, இடது பக்கம் பழைய ஹார்ட் டிஸ்க் வட்டின் படம் ஒன்று இருந்தது, அதைத் தொட வேண்டிய தேவையில்லை, ஆனாலும் தொட்டாள், திறந்தது, உள்ளே குருநாதனின் ஃபோல்டர், அதற்குள் பெயர்கள், பெயர்களாகவே இறங்கிக்கொண்டு போனது, முத்தையா வெண்ணிலா, ஆரோக்கியதாஸ் பிலோமினா, சேதுபதி இளவரசி, ஒவ்வொரு பத்திரிகைக்கும் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும்தான் ஃபைலின் பெயர். ஒன்றும் திறக்காது. அவருடைய டைப்பிங் கடையின் கடைசிக் காலத்தில் எவனோ கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து ஒரு வைரஸ் ஏறி எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டது, கம்ப்யூட்டர் பார்க்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு அண்ணே, பேரு மட்டும்தான் இருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல என்று கையை விரித்துவிட்டுப் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின் வரிசையில் ஒரு ஷட்டர் அகலக் கடை, வாசலில் வந்து நிற்கிறவர்களிடம் பேசிக்கொண்டே அடிப்பார், கண் அவர்கள் முகத்தில் இருக்கும், விரல்கள் கீழே தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும், விசைகளில் எழுத்தெல்லாம் அழிந்து வழுவழுவென்று ஆகியிருந்தது, அவருக்கு அது தேவையாகவும் இல்லை. சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு அவள் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து அதைப் பார்ப்பாள். அவர் அழகாக இருந்தது அப்போதுதான் என்று அவரிடம் சொன்னதில்லை.

பேச்சு எங்க இருந்து வருதோ அங்கதாம்மா அடி விழுந்திருக்கு, எழுதறதும் படிக்கறதும் அதே இடந்தான், அதனால எழுதிக் காட்டுவார்னு எதிர்பாக்காதீங்க என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார். டாக்டர் சொல்வார், அவருக்கு என்ன, அவர் இந்த மனிதரின் விரல்களைப் பார்த்தாரா. பேனாவைக் கொடுத்தால் கோடு இழுக்கிறார் என்பது உண்மைதான், பேனா அவர் சாமான் இல்லை, அவர் சாமான் இது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது, தோன்றிய நாளே ஸ்டேஷனரிக் கடையில் போய்த் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஓர் அட்டை வாங்கிவந்து, விசைகளைத் துடைத்து, புருவ முடி பிடுங்குகிற இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் போட்டிருந்த படத்தைப் பார்த்துப்பார்த்து ஒட்டினாள். தினமும் டீ குடித்ததும் உட்காரவைப்பாள். பழைய சிஸ்டம் அப்போது ஏதோ நொண்டிக்கொண்டு ஓடியது. அவர் விரலைப் பிடித்து அ மேல் வைப்பாள், இது அ, தெரியுதுல்ல, அ அடிங்க. அவர் கையை உருவிக்கொண்டு வேறெங்கோ வைப்பார், பத்து விரலையும் பரப்பி மளமளவென்று தட்டுவார், திரையில் யாருக்கும் புரியாத எழுத்தாக விழும், அவர் அதைப் பார்ப்பார், தன் விரல்களைப் பார்ப்பார், மறுபடி தட்டுவார், மறுபடி குப்பை. அங்க இல்லங்க, இங்க, எழுத்துதான் ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா என்று அவள் கையை இழுத்து இழுத்து வைத்தாள், ஒருநாள் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள், அன்றைக்குத்தான் அவர் கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டார். டாக்டர் சொன்னது சரிதான் போல என்று அவளும் விட்டுவிட்டாள். ஆடியில் சிஸ்டமும் அடியோடு நின்றுபோயிற்று.

பிறகு சிந்துஜா ஒரு தடவை பேசும்போது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள். பெரிப்பா டைப்ரைட்டிங் கிளாஸ்ல பழகுனவரு பெரிம்மா, அதுல எழுத்தெல்லாம் வேற வேற இடத்துல இருக்கும், வைரஸுக்கப்புறம் அந்தப் பெட்டில போட்டுக் குடுத்ததும் நீங்க ஒட்டுனதும் இப்ப வந்த வேற முறை, அவர் விரல் சரியாத்தான் போயிருக்கு. அவர் விரல் சரியாகத்தான் போயிருக்கிறது. அன்றிலிருந்து ஜெயக்கொடிக்கு அந்த வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. வாய் போனவருக்கு விரலில் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு அவளிடம் வந்திருக்கிறார், அவள் கையைத் தட்டித்தட்டித் தப்பு தப்பு என்றிருக்கிறாள், தன் விரலே தனக்குப் பொய் சொல்கிறது என்று அவர் நினைத்திருப்பார், தலையிலிருந்து எல்லாம் போய்விட்டது என்று அவள்தான் அவரை நம்பவைத்திருக்கிறாள். ஸ்டிக்கரை அன்றைக்கே உரித்துவிட்டாள், பசை போகவில்லை, தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் பிசுபிசுப்பு இருக்கிறது. பழைய பெட்டிக்குப் புது விண்டோஸ் தாங்காது, லினக்ஸ்தான் சரி, பழைய டைப்ரைட்டர் முறையும் அதில் கிடைக்கும், ஏற்றுவதும் சுலபம், படித்துக்கொண்டே போய் அடுத்தது அடுத்தது என்று கொடுத்தால் போதும் என்று சிந்துஜா சொன்னபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இப்போது பயமாக இருக்கிறது, எழுத்து சரியாக விழுந்தால் அவர் முதலில் எதை அடிப்பார், அந்த என்று விட்டதைத் தொடர்வாரா, இல்லை, என்னை என்ன பாடு படுத்தினாய் என்று கேட்பாரா, கேட்கட்டும், திட்டட்டும், வலிக்கிறது என்று ஒரு சொல், சாக வேண்டும் போலிருக்கிறது என்று சொன்னாலும் போதும், சொல்கிறது அவராக இருந்தால் போதும்.

திரையில் இன்ஸ்டால், அதாவது நிறுவு, என்று ஒரு சின்னப் படம் இருந்தது, அதைத் தட்டினாள். எந்த மொழி என்று கேட்டது, தமிழ் என்றாள், உடனே கேள்விகளெல்லாம் தமிழுக்கு மாறிவிட்டன, அவளுக்கு ஒரு நிமிடம் பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருந்தது, தொடர்க என்று ஒரு பொத்தான், அழுத்தினாள். விசைப்பலகை எது என்று அடுத்த பக்கம். ஒரு நீளப் பட்டியல், அதில் தமிழ் மட்டுமே நாலைந்து விதம், பெயர்கள் இன்னும் ஆங்கிலத்திலேயே, பொறுமையாக ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டினாள், கடைசிக்கு முன்னதில் டைப்ரைட்டர் என்று இருந்தது, கல்யாணத்துக்கு முன் அவர் வேலை பார்த்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போர்டில் பார்த்துப் பழகிய ஸ்பெல்லிங், அதன் மேல் அம்பை வைத்து அழுத்தினாள். கீழே ஒரு சின்னக் கட்டம் தெரிந்தது, ஒரு வரி அகலம், உங்கள் விசைப்பலகையைச் சோதித்துப் பார்க்க இங்கே தட்டுங்கள் என்று அதற்குள் மங்கலாக எழுதியிருந்தது. ஏதோ ஒரு விசையைத் தட்டினாள், ய விழுந்தது. அழித்தாள். அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டு மாவு மில்லில் மிளகாய் போட்டுவிட்டார்கள், தரை அதிர்ந்தது, காரம் ஜன்னல் வழியே ஏறி மூக்கைப் பிடித்தது, புடவைத் தலைப்பைப் பொத்திக்கொண்டு அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, அடுத்தடுத்துத் தும்மினாள், ஹாலில் அவரும் தும்முகிற சத்தம் கேட்டது, கட்டில் முனகியது. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தாளே. திரும்பினால் அவர் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு அறை வாசலில் நிலையைப் பிடித்தபடி நின்றார்.

அவள் எழுந்து ஒதுங்கினாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை, சொன்னால் கெட்டுவிடும் போலிருந்தது. அவர் திரையைப் பார்த்தார், விசைப்பலகையைப் பார்த்தார், ஸ்டிக்கர் இல்லை, வந்து உட்கார்ந்தார், விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார், கடையில் காலையில் முதல் வேலைக்கு உட்கார்கிறபோது துடைப்பாரே அப்படி, பத்தையும் கொண்டுபோய் அதனதன் இடத்தில் வைத்தார். தட்டத் தொடங்கினார். கட்டத்துக்குள் எழுத்து விழுந்தது, தமிழ், நல்ல தமிழ், ஒரு சொல், இரண்டு சொல், கட்டம் சின்னது, நாலைந்து சொல்லுக்குமேல் இடமில்லை, முன்னால் போனது இடது பக்கம் நழுவி மறைய, புதிது வலது பக்கம் வந்துகொண்டிருந்தது, அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து, மிளகாயா வேறா என்று தெரியவில்லை, எழுத்தே தெரியவில்லை, தலைப்பால் அழுந்தத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். டாக்டர், வந்து பாருங்க டாக்டர் என்று மனசுக்குள் கத்தினாள். அவர் முகத்தில் அந்தப் பழைய களை இருந்தது, உதடு லேசாகக் குவிந்து, புருவத்தில் ஒரு சின்ன மும்முரம். அவரேதான். பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு என்று படித்தாள். என்ன நிச்சயிக்கப்பட்டு என்று யோசிப்பதற்குள் அது நழுவிப்போய், சுபயோக சுபதினத்தில் என்று வந்தது.

பத்திரிகை. ஒவ்வொரு பத்திரிகைக்கும் முதலில் போட்டுவைத்துக்கொள்கிற பொதுப் பாடம், வருஷம் கிழமை என்று எல்லாம் அச்சுப் பிசகாமல் அப்படியே வந்துகொண்டிருந்தது, திருநிறைச்செல்வன் என்று அடித்துவிட்டுக் கட்டைவிரல் வெறும் இடமாகத் தட்டிக்கொண்டே போனது, மாப்பிள்ளை பெயர் பிற்பாடு போட வேண்டிய இடம், அவர்களுக்கும் என்று மறுபடி எழுத்து வந்தது, திருவளர்ச்செல்வி, மறுபடி வெறும் இடம், பெண்ணின் பெயருக்கு. ஜெயக்கொடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். விரலுக்குப் பழக்கம், முதலில் இதுதான் வரும், இது முடிந்ததும் அவருடைய பேச்சு வரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தங்கள் நல்வரவை விரும்பும் என்று வந்து நின்றது. அவர் கையை எடுக்கவில்லை, ஒரு மூச்சு விட்டார், நிகழும் மங்களகரமான என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தாள், திருவளர்ச்செல்விவரை பொறுத்திருந்தாள், கட்டைவிரல் வெறும் இடத்தைத் தட்டத் தொடங்கியதும் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"இங்க என் பேர அடிங்க. ஜெயக்கொடி. தெரியும்ல உங்களுக்கு?"

"சரி" என்றார்.

அவள் கையை விட்டாள். விரல் விட்ட இடத்திலிருந்து தொடங்கி வெறும் இடத்தை முடித்துவிட்டு அவர்களுக்கும் என்று போனது. மூன்றாம் சுற்றில் மறுபடி பிடித்து நிறுத்தினாள், அன்னைக்கு அந்தன்னு சொன்னீங்களே, அந்த என்னங்க, அத மட்டும் அடிச்சுக் காட்டுங்க என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, வேலை நேரத்தில் பேச்சுக் கொடுக்கிற ஒரு நல்ல வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தார், சரி என்று சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். அவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், அந்த வாக்கியத்துக்கு வால் கிடையாது, நிலைப்படியில் தொங்குகிறது அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், அவள் இருக்கும்வரை ஒவ்வொரு சாமானாக அதில் கட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே மில்லை நிறுத்திவிட்டார்கள். விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது, பசை ஒட்டிய விசை மட்டும் சற்றுத் தாமதமாக மேலே வந்தது.

போன் அடித்தது, சிந்துஜா, மீட்டிங் முடிந்திருக்கும், அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டாள். பென் டிரைவை உருவிவிட்டால் பழையபடி ஆகிவிடும். எதற்கு இனி இது, யாருக்கு. அவர் நிறுத்தியிருந்தார், கட்டம் நிறைந்துவிட்டதோ என்னவோ, எழுத்து மேற்கொண்டு விழவில்லை, இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு மேசை விளிம்பில் விரல்களால் தாளம் போட்டார், மெஷின் மெதுவாக ஓடும்போது போடுகிற தாளம், வாடிக்கையாளர் காத்திருக்கிறார், சீக்கிரம் ஆகட்டும் என்கிற தாளம். அவள் குனிந்து மௌஸைப் பிடித்துத் தொடர்க என்பதை அழுத்தினாள். அடுத்த பக்கம் வந்தது, வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், மீட்க இயலாது, நிறுவவா என்று கேட்டது. பழையதை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏற்ற இடம் போதாது என்று சிந்துஜா முன்பே சொல்லியிருந்தாள். முத்தையா வெண்ணிலா. ஆரோக்கியதாஸ் பிலோமினா. அங்கே பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை, இங்கே உள்ளது அத்தனையும் இருக்கிறது, பெயர் இல்லை. கேட்பதற்கு அவளுக்கு இனி ஒன்றுமில்லைதான், ஆனால் அடிப்பதற்கு அவருக்கு இருக்கிறது, கட்டம் இல்லாத முழுப் பக்கம் ஒன்று கிடைத்தால் நாள் பூராவும் அடிப்பார், அந்த முகத்தோடு அடிப்பார், அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு யாருடையதும் அல்லாத கல்யாணத்துக்கு அழைப்பு வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதற்கு மேல் இந்த வீட்டில் என்ன நடந்துவிடப் போகிறது. நிறுவுக என்பதை அழுத்தினாள். ஒரு பட்டை மெல்ல நிரம்பத் தொடங்கியது. அவர் இரண்டு கைகளையும் விசைகள்மேல் தயாராக வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஜெயக்கொடி டீ போட எழுந்தாள். போடட்டுமா என்று கேட்கவில்லை.